ஆந்தைப் படம் கல்லச்சு அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் கனடிய ஓவியர் கெனோஜுவாக் அஷேவாக்கின் 'மந்திர ஆந்தை' (1960) படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் படத்தின் கீழே 'கல்லச்சு' என்றிருந்தது பிழை. தமிழில் கல்லச்சு என்றால் லித்தோதான். அதில் கல்லைச் செதுக்குவதே கிடையாது. வழவழப்பான கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, நீரும் எண்ணெயும் ஒட்டாத குணத்தை வைத்து அச்சிடுவார்கள். இந்த ஆந்தையோ கல்லைச் செதுக்கி எடுத்த மேடச்சு. சேலைக்கு அச்சுக்கட்டை வெட்டுவதுபோல, மை பட வேண்டிய இடம் மேடாக நிற்கும், மற்றதெல்லாம் பள்ளம்.

ஒரு வித்தியாசம் உண்டு. சேலையில் கட்டையைத் துணிமேல் குத்துகிறோம். இங்கே கல் அசையாது. மை தடவிய கல்லின்மேல் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை விரித்து, கையாலேயே தேய்த்து எடுப்பார்கள். காகிதம் மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரட்டையாக விழும். மை கூடிப்போனால் பள்ளத்தில் இறங்கி, ஆந்தையின் இறகுக் கதிர்களுக்கு நடுவே உள்ள வெள்ளை அடைபடும். குறைந்தால் கறுப்பு திட்டுத்திட்டாக வெளுக்கும். ஒரே கல்லில் இரண்டு நிறம் என்றால் அந்தந்த இடத்துக்குத் தனியாகத் தடவ வேண்டும்; அதுவும் ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக. செதுக்கும்போது மெல்லிய மேடு ஒன்று தெறித்துப் போனால் ஒட்டவைக்க வழியில்லை.

'ஓவியரே கல்லில் செதுக்கினார்' என்று எழுதியிருந்ததும் சரியல்ல. கெனோஜுவாக் (1927-2013) காகிதத்தில் வரைந்து கொடுத்தார். அதைக் கல்லுக்கு மாற்றிச் செதுக்கி அச்சிட்டவர் ஈகிவுட்லுக் பூட்டூகூக். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில், அன்று கேப் டோர்செட் என்றும் இன்று கின்கைட் என்றும் வழங்கும் ஊரின் கூட்டுறவு அச்சுக்கூடத்தில் வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. காகிதத்தை விரித்துக் கையால் தேய்த்து அச்சிடும் முறை ஜப்பானிலிருந்து வந்தது: இந்த அச்சுக்கூடம் உருவாக உதவிய கனடியக் கலைஞர் ஜேம்ஸ் ஹூஸ்டன் அங்கே போய், மர அச்சுக் கலைஞர் உன்இச்சி ஹிராட்சுகாவிடம் கற்றுவந்தார். ஆனால் ஹிராட்சுகாவைப் போல ஒருவரே வரைந்து, செதுக்கி, அச்சிடும் வழக்கத்தைக் கேப் டோர்செட்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

'பிரதி' என்று எழுதியதும் வாசகரைக் குழப்பும். மூலம் ஒன்று எங்கோ இருக்க, இது அதன் நகல் என்று பொருளாகிவிடும். மொத்தம் 50 தாள்கள், 25 சிவப்பும் கறுப்பும், 25 பச்சையும் கறுப்பும். ஐம்பதும் மூலமே. 1970-ல் கனடா அஞ்சல்துறை 6 சென்ட் தபால்தலையாக வெளியிட்டதே, அதைத்தான் நகல் என்று சொல்லலாம்.

இணையப் பதிப்பிலாவது 'கற்செதுக்கு அச்சு' என்று மாற்றி, அச்சிட்டவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

— ஒரு வாசகர்