பாஸ்போட் இல்லாத சித்திரக்காரன்

சென்ட் மோரிட்ஸ், சுவிஸ்
மார்ச் நடுப்பகுதி

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். வாசிக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்தானே, அப்போ கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். எனக்குச் சீசன் முடியும் மட்டும் தலை நிமிர நேரமில்லை. ஈஸ்டர் கழிந்துதான் ஹொட்டேலைப் பூட்டுவார்கள். முழங்கால் நோவும் அப்படியேதான்.

"உந்தப் பனியில் சறுக்கி விளையாடுகிறதை விட்டால் அங்கே சனத்துக்கு வேறு என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவன் நீ. உனக்குச் செகந்தினி என்ற சித்திரக்காரனைப் பற்றிச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

ஜியோவானி செகந்தினி, 1858இல் ஆர்க்கோ என்ற ஊரில் பிறந்தவன். அந்த ஊர் அப்போது ஆஸ்திரியாவுக்குள், இப்போது இத்தாலிக்குள். சின்ன வயதிலேயே தாய் போய்விட்டாள். மிலானில் சீர்திருத்தப் பள்ளியில் கிடந்தான். ஆஸ்திரியக் குடியுரிமையும் பறிபோனது, வேறு எந்த நாடும் அவனைத் தன் ஆள் என்று பதியவில்லை. சாகும்வரை பாஸ்போட் கிடையாது. பத்திரம் இல்லாததால், நாலு பிள்ளை பெற்ற பீச்சேயைச் சட்டப்படி கல்யாணம் கட்டவும் முடியவில்லை. அவன் கீறிய படங்கள் நாடு நாடாகப் போய்ப் பரிசு வாங்கின, கீறியவன் இந்த மலைக்குள்ளேயே இருந்தான். என் அகதிக் கேஸ் இழுபட்ட காலத்தில் அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட வர முடியாமல் நான் இருந்தது உனக்குத் தெரியும். இவன் கதையை வாசித்த நாளிலிருந்து இவன் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி.

அவன் இருந்த மலையூர் முதலில் சவோனின், 1894இலிருந்து இங்கே பக்கத்தில் மலோயா. 1900 பாரிஸ் கண்காட்சிக்கு எங்கடீன் என்கிற இந்தப் பள்ளத்தாக்கின் மலைகள் எல்லாவற்றையும் ஒரு பெரிய வட்ட மண்டபத்துக்குள் கீறிக் காட்ட வேண்டும் என்பது அவன் திட்டம். ஹொட்டேல்காரர்களும் காசு போட ஆசைப்பட்டார்கள். ஊருக்கு விளம்பரம் அல்லவா! செலவுக் கணக்கு ஏறினதும் பின்வாங்கிவிட்டார்கள். (முதலாளிமார் அன்றும் இன்றும் ஒன்றுதான்.) மனுசன் விடவில்லை, அதை மூன்று பெரிய படங்களாகச் சுருக்கினான்: வாழ்வு, இயற்கை, சாவு. நடுப்படத்தை மலையைப் பார்த்தே கீற வேண்டும் என்று பக்கத்து ஊரான போன்ட்ரெசினாவுக்கு மேலே ஷாஃப்பெர்க் மலையில், 2,700 மீட்டருக்கு மேலே போய் இருந்தான். அங்கே வயிற்றுக்குள் அழற்சி வந்து, 1899 செப்டெம்பர் 28இல் முடிந்துபோனான். வயது 41. அந்த மூன்று படத் தொகுதி முற்றுப்பெறவில்லை.

1908இல் அவனுக்கென்று இங்கே ஒரு நூதனசாலை கட்டினார்கள். பாரிஸுக்கு நினைத்த மண்டபத்தின் சாயலில், கல் கட்டடம், மேலே குவிமாடம். அந்தக் குவிமாடத்துக்குக் கீழேதான் மூன்றும் இருக்கின்றன. மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை எங்களுக்கு ஓய்வு, 'சிம்மர்ஸ்டுண்ட' என்போம். மற்றவர்கள் நித்திரை கொள்ள, நான் அங்கே ஏறிப்போவேன்.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் மச்சான். நிறங்களைத் தட்டில் குழைத்து அவன் பூசவில்லை. நீலம், செம்மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றையும் மெல்லிய நீளக் கோடாக, பக்கத்தில் பக்கத்தில் இழுத்திருக்கிறான். மூக்கு முட்டும் தூரத்தில் நின்றால் பன்பாய்ப் பின்னல்தான் தெரியும். நாலு எட்டுப் பின்னால் வந்தால் புல் ஈரமாகிறது, வானம் எரிகிறது. 'சாவு' படத்தில் பனி மூடிய விடியற்காலை, ஒரு வீட்டிலிருந்து பிரேதத்தை எடுக்கிறார்கள், வெளியே குதிரை பூட்டிய சறுக்கு வண்டி காத்து நிற்கிறது. பனியை வெள்ளை என்று யார் சொன்னது? அதற்குள் நாவலும் நீலமும் மஞ்சளும் கிடக்கின்றன. கீழே கடைத்தெருவில் காலரிகள் கோடிக்கணக்கான விலைக்குப் படம் விற்கின்றன. எனக்கு அவற்றில் ஒன்றும் பிடிபடவில்லை, விலையைத் தவிர.

வீட்டுச் சுவர்களையும் நீ பார்க்க வேண்டும். சுவோட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் போனால் வரிசையாக நிற்கும். அடியில் மணல் கலந்த சாம்பல் நிறச் சாந்து, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, அது காயமுன் இரும்பு முனையால் சுரண்டி அடி நிறத்தை வெளியே எடுப்பார்கள். பூ வட்டம், அலை, மீன், வாசலுக்கு மேலே ரோமான்ஷ் மொழியில் ஒரு வாழ்த்து. காய்ந்துவிட்டால் திருத்த முடியாது, உன் மாணவர்களைப் போல அழிறப்பரைத் தேட வழியில்லை.

இந்த மாதம் முதலாம் தேதி சலாண்டாமார்ஸ். பழைய ரோமர் காலக் கணக்கில் அன்றைக்குத்தான் வருடப்பிறப்பு, இங்கே அது குளிரைத் துரத்துகிற நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்டு, கழுத்தில் மாட்டு மணியைத் தொங்கவிட்டு, ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி ஆட்டிக்கொண்டு போவார்கள். பெரிய மணிக்காரன் முன்னால், பொடியன்கள் பின்னால். பாட்டு ரோமான்ஷில்தான். 1938இல் நாடு முழுக்க வாக்கெடுத்து நாலாவது தேசிய மொழியாக்கிய மொழி, ஆனால் இந்த ஊரில் அதை வீட்டில் பேசுகிறவர்கள் கொஞ்சப் பேர். எங்கள் குசினியில் போர்த்துக்கேயமும் இத்தாலியமும் தமிழும்தான். பாத்திரம் கழுவுகிற போர்த்துக்கேயப் பெண்ணின் மகனும் இந்த முறை மணி கட்டிப் போனான். அவளுக்குப் பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது, அவன் முழுதும் பாடினான். ஊர்க்காரர் இல்லாதவர்களின் பிள்ளைகளும் இந்த வழக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டதை நான் நல்ல காரியமாகத்தான் பார்க்கிறேன். செகந்தினியை இன்று எங்கள் ஆள் என்று கொண்டாடுகிறவர்களுக்கு அது உறைக்குமோ தெரியாது.

கோடையில் போன்ட்ரெசினா காட்டுக்குள் காலையில் இலவசக் கச்சேரி வைப்பார்கள், நூறு வருடத்துக்கு மேலாக. அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், இப்போது அடுப்படிக்குப் போக வேண்டும்.

ஹொட்டேல் பூட்டியதும் சூரிச்சுக்குப் போய், யாராவது ஊருக்கு வருகிறவர்களிடம் அந்த மூன்று படங்களின் தபாலட்டைகளும் உனக்குத் தூரிகைகளும் கொடுத்து விடுகிறேன். எந்த நம்பர், எத்தனை என்று எழுது. போனமுறை மாதிரி "ஏதாவது" என்று எழுதினால் சுவருக்கு வெள்ளையடிக்கிற பிரஷ்தான் வரும்.

உன்
பழைய கூட்டாளி