‘பள்ளிக்கு வெளியே நடந்தது’ என்று சொல்லுமுன்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 19 ஆண்டுகளாக வகுப்பாசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் போனிலும் இணையத்திலும் சக மாணவரைத் துன்புறுத்துவதைப் பற்றி எழுதுகிறேன். உங்களைக் குறை சொல்லத்தான் எழுதுகிறாள் என்று நினைத்து இதைப் பாதியில் மூடிவிடாதீர்கள். இதில் முதலில் தவறு செய்தவள் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் எட்டாம் வகுப்பில் 42 பேர். வீட்டுப்பாடம் கேட்டுக்கொள்வதற்காக அவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ஒருநாள் இன்னொரு குழு முளைத்தது. அதில் 41 பேர். விடுபட்ட ஒருத்தியின் குரலைக் கேலி செய்யும் சொல்தான் அந்தக் குழுவுக்குப் பெயர். அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் படத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். கணக்கு முடித்தாயா என்று ஒருவர் கேட்டால் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். நாளைக்கு என்ன பரீட்சை? ஸ்டிக்கர். குட் நைட்? அதற்கும் ஸ்டிக்கர்.

குழுவிலிருந்த யாரோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவளுக்கே அனுப்பியிருந்தார்கள். இரக்கப்பட்டு அனுப்பினார்களா, அவள் அழுவதைப் பார்க்க அனுப்பினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவளுடைய அம்மா போனோடு என்னிடம் வந்தார். நான் பார்த்தேன், ‘ச்சே’ என்றேன், பிறகு அறிவுரை சொன்னேன். “இதையெல்லாம் அழித்துவிடுங்கள், பார்க்கப் பார்க்கத்தான் வேதனை. கொஞ்ச நாளைக்குப் போனை அவளிடம் கொடுக்காதீர்கள். பத்து நாளில் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.” அந்த அம்மா நான் சொன்னபடியே செய்தார். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் சிரிப்பு எழும். முன்பாவது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அதுவும் தெரியாது. நேற்றிரவு புதிதாக என்ன சொன்னார்கள், எந்தப் படத்தைப் போட்டார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஊகித்துக்கொண்டிருப்பாள். போனைப் பறித்ததால் கேலி ஒரு துளியும் குறையவில்லை. கேலிக்கு ஆளானவளின் கண்ணைத்தான் கட்டிவிட்டேன். தப்பு செய்த பிள்ளைகள் எல்லோரிடமும் போன் இருந்தது, செய்யாதவளிடம் இல்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

மூன்று வாரம் கழித்து விஷயம் தலைமை ஆசிரியரிடம் போனது. ஆதாரம் எங்கே என்று கேட்டார். நான்தான் அழிக்கச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். சரி, ஆதாரம் இருந்திருந்தாலும் அவர் முடிவு மாறியிருக்காது என்றே தோன்றுகிறது. “இது பள்ளிக்கு வெளியே, ராத்திரியில், அவரவர் வீட்டுப் போனில் நடந்தது. நாம் தலையிட முடியாது,” என்றார். ஆனால் எனக்கு அந்தப் படம் நினைவிருந்தது. அவள் பள்ளிச் சீருடையில் நின்றாள். பின்னால் தெரிந்தது எங்கள் வகுப்புக் கரும்பலகை. அதில் இருந்தது என் கையெழுத்து. என் பாடவேளையில், என் முதுகுக்குப் பின்னால் எடுத்த படம் அது.

ஆண்டு நடுவிலேயே அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் காரணம் எழுதுமிடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதினேன்.

ஆசிரியர் அறையில் இதைப் பேசினால் வழக்கமாக ஒரு கேள்வி வரும். “இதெல்லாம் அவ்வளவு பெரிய பிரச்சினையா? நம் காலத்திலும் பட்டப்பெயர் வைத்தார்கள், கிண்டலடித்தார்கள். நாம் என்ன கெட்டா போனோம்?” கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. போனைக் கண்டாலே பதறுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர எனக்கும் விருப்பமில்லை. ஆகவே எண்களைப் பார்த்தேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024இல் வெளியிட்ட ஆய்வு, 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. ஏறத்தாழ ஆறில் ஒருவர் இணையத்தில் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார். என் வகுப்பின் 42 பேரில் அது ஏழு பேர். எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும். மற்ற ஆறு பேர் யார்?

இன்னொரு ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2017இல் வெளியானது, இங்கிலாந்தில் 15 வயதுள்ள ஏறத்தாழ 1,20,000 பேரின் பதில்களை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்தது. அடிக்கடி துன்புறுத்தலுக்கு ஆளாவோர் ஏறத்தாழ 30 சதவீதம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நேரில் நடந்தது. இணையத்தில் மட்டும், நேரில் எதுவுமே இல்லாமல் ஆளானவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ‘பார்த்தீர்களா, இணையம் பெரிய பிரச்சினையே இல்லை’ என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது வேறு கதை சொல்கிறது. திரையில் அடிபடும் பிள்ளை கிட்டத்தட்ட எப்போதுமே வகுப்பிலும் அடிபடுகிற பிள்ளைதான். அடிப்பவரும் முகம் தெரியாத யாரோ இல்லை. இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருப்பவர். அந்த ஸ்டிக்கரைச் செய்தது போன வருடம் வரை அவளோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். பிறகு ‘பள்ளிக்கு வெளியே’ என்பது எந்த இடம்?

2023இல் ஸ்பெயினின் அல்மென்ட்ராலெஹோ ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு நிர்வாணப் படங்களாக மாற்றிப் பரப்பினார்கள். செய்தது ஏதோ தொலைதூரக் கும்பல் என்றுதானே நினைக்கத் தோன்றும்? உள்ளூர்ப் பையன்கள், கூடப் படித்தவர்கள். அடுத்த ஆண்டு சிறார் நீதிமன்றம் 15 பேருக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

பழைய கேலிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் பள்ளித் துன்புறுத்தலுக்கு வகுத்த இலக்கணம் இன்றும் பயன்படுகிறது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. இணையத்தில் அந்த இரண்டாவது அம்சம் குழம்பிப்போகிறது. ஒருத்தி ஒரே ஒரு முறை பதிவிடுகிறாள். நாற்பது பேர் ஃபார்வர்டு செய்கிறார்கள். விசாரித்தால் ஒவ்வொருவரும் “ஒரே ஒரு தடவைதான் மிஸ்” என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். வாங்கியவளுக்கு மட்டும் அது நாற்பது தடவை. அப்புறம் அந்த இரவு. எங்கள் காலத்தில் மணி அடித்தால் கேலி பள்ளியோடு நின்றது. வீடு ஒரு சுவர். இப்போது கேலி தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

பள்ளி மாறினால் தீரும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்வேன். கனடாவின் அமண்டா டாட் என்ற சிறுமி ஒன்றுக்கு மேற்பட்ட முறை பள்ளி மாறினாள். ஒவ்வொரு முறையும் அவளை மிரட்டியவன் போலிக் கணக்கு வழியாகப் புதிய பள்ளியின் பிள்ளைகளிடம் அவளுடைய அந்தரங்கப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். 2012இல், 15 வயதில், அவள் இறந்துபோனாள். மிரட்டியவனைக் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது 2022இல். மிரட்டியவன் வெளியாள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் அனுப்பிய படத்தை வைத்து அவளை ஒதுக்கியதும் வைததும் வகுப்புப் பிள்ளைகள். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று யாரும் விரல் நீட்டிவிட முடியாது. அந்தத் தவறை நானும் செய்ய விரும்பவில்லை. மாற்றுச் சான்றிதழ் ஒரு தீர்வு இல்லை என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

‘சட்டம் இடம் கொடுக்காது’ என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுதான். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், வளாகத்துக்கு வெளியேயும் மாணவர் நடத்தையை ஓரளவு ஒழுங்குபடுத்தத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் தருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு ஒன்று இன்னும் சுவாரசியமானது. வார இறுதியில் ஸ்னாப்சாட்டில் பள்ளியைத் திட்டிப் பதிவிட்ட மாணவியைப் பள்ளி தண்டித்தது தவறு என்றார்கள் நீதிபதிகள். ஆனால் அதே தீர்ப்பில், குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்த கடுமையான துன்புறுத்தல் என்றால் வளாகத்துக்கு வெளியே நடந்தாலும் பள்ளிக்கு அக்கறை உண்டு என்றும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறது. பிள்ளைகள் நம்மைத் திட்டட்டும், விட்டுவிடலாம். ஒரு பிள்ளையைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தால் விடக்கூடாது. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆசிரியரைக் கிண்டல் செய்து ஒரு மீம் வந்தால் மறுநாளே பெற்றோரை வரச் சொல்கிறோம். சக மாணவியைக் கிண்டல் செய்தால் வெளியே நடந்தது என்கிறோம்.

வயது வரம்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக ஊடகத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அந்தத் தடையில் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் சேரவில்லை. என் வகுப்பின் அந்த 41 பேர் குழு அங்கேயும் இருந்திருக்கும்.

அந்த 41 பேரைப் பற்றித்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டிக்கர் செய்தவர்கள் மூன்று பேர். சிரிப்பு எமோஜி போட்டவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். மீதிப்பேர் சும்மா இருந்தார்கள். பின்னாளில் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: “எனக்குப் பிடிக்கலை மிஸ். அப்போல்லாம் வெளியேறினா ‘இன்னார் வெளியேறினார்’னு எல்லாருக்கும் காட்டுமே. அடுத்த ஸ்டிக்கர் நான்தான்.” பதின்மூன்று வயதுப் பையனின் கணக்கு, பிசகே இல்லை. ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா என்ற துன்புறுத்தல் தடுப்புத் திட்டம் இந்தச் சும்மா இருப்பவர்களைத்தான் குறிவைக்கிறது. துன்புறுத்துபவருக்கு வேண்டியது பார்வையாளர்கள். அவர்கள் நகர்ந்தால் ஆட்டம் சுவாரசியம் இழக்கும் என்பது அதன் அடிப்படை. அந்தப் பையன் நகர முடியாமல் போனதற்கு, அவன் வந்து சொன்னால் காதில் வாங்கி, பெயரை வெளியிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர்கூடப் பள்ளியில் இல்லாததும் ஒரு காரணம். நானும் அந்தப் பெரியவராக இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. இணையத் துன்புறுத்தல் பற்றிய புகார் வந்தால், அது எந்த மணிக்கு, யார் வீட்டுப் போனில் நடந்தது என்று பார்க்காமல் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்கச் சொல்லாதீர்கள். தேதியோடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிர்வாணப் படமாக இருந்தால் மட்டும் நகல் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. அது உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும், நேரே காவல்துறைக்குப் போங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் போனைப் பறிக்கச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரை வழங்காதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்ற பயத்திலேயே பாதிப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பது என் அனுபவம்.

முக்கியமாக, இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்து ‘ஸாரி சொல், கை கொடு’ என்று முடித்துவைக்காதீர்கள். அது சண்டைக்கான மருந்து. இங்கே நடந்தது சண்டை இல்லை. 41 பேருக்கும் ஒருத்திக்கும் இடையே எந்தக் கைகுலுக்கல் சமமாக இருக்கும்? தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். செய்தவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அந்த ஸ்டிக்கர் செய்த பெண்ணிடம் ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஆண்டு நடுவில் ஒரு பெற்றோர் வந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வகுப்பாசிரியை

பின்குறிப்பு: 18 வயதுக்குக் குறைந்தவரின் அந்தரங்கப் படம் பரவிவிட்டால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது, அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது, வேறு நாட்டவரும் பயன்படுத்தலாம். படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. படத்துக்கான எண்குறியீடு மட்டும் நம் போனிலிருந்தே உருவாகிப் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். பெயர்கூடக் கேட்பதில்லை. இதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.