பல்லி குட்டி போடும், அப்புச்சி!

ரென்மார்க்,
தெற்கு ஆஸ்திரேலியா.
தை மாதம்.

அன்புள்ள அப்புச்சிக்கு,

நான் சுகம். "பல்லி எங்காவது குட்டி போடுமா?" என்று சிரித்துப் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அமுச்சிக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் வேலை பார்க்கும் ஆரஞ்சுத் தோட்டத்து வேலியோரம் ஒரு பெண் பல்லி சினையாக இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் இதை ஸ்லீப்பி என்கிறார்கள், அதாவது தூங்குமூஞ்சி. நம் அரணைக்குச் சொந்தம்தான், ஆனால் முக்கால் முழ நீளம், சீத்தாப்பழத் தோல், நாவல்பழம் தின்ற நாக்கு. வாலும் தலை மாதிரியே தடிமன். கொழுப்பை அதில்தான் சேர்த்து வைக்கும்.

நம் அரணை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இது கருவை வயிற்றிலேயே வைத்து, வெயில் காய்ந்து வளர்க்கிறது. சினை ஏறக்குறைய ஐந்து மாதம், நம் வெள்ளாட்டுக் கணக்குதான். ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு குட்டி. இரண்டும் சேர்ந்தால் தாயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வருமாம். 60 கிலோ பொம்பளை 20 கிலோ பிள்ளை சுமப்பது போல! அமுச்சி தலையில் கை வைத்திருப்பார் இந்நேரம். மழை பொய்த்த வருடம் சினை பிடிக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. கொறங்காட்டு மேய்ச்சலில் மாடுகளைப் பார்த்த உங்களுக்கு அதைச் சொல்லவா வேண்டும்?

இங்கே காலம் தலைகீழ். நமக்குப் புரட்டாசி, ஐப்பசி என்றால் இவர்களுக்கு வசந்தம். அப்போது ஆண் பல்லி வாரக்கணக்கில் பெண்ணின் பின்னாலேயே திரியும். பெண் மேய, ஆண் தலையைத் தூக்கிக் காவல் நிற்கும். இணைந்த பிறகு தனித்தனி. அடுத்த வசந்தத்தில் பெரும்பாலும் அதே ஜோடி மறுபடி சேரும். மைக்கேல் புல் என்ற பேராசிரியர் 1982 முதல் இங்கிருந்து மேற்கே மவுண்ட் மேரிப் பக்கம் இவற்றைக் கவனித்துவந்தார். 20 வருடத்துக்கு மேல் இப்படியே சேர்ந்துவந்த ஜோடிகள் கூட இருந்தனவாம்.

ஐப்பசியில் தார் ரோட்டில் ஒரு பெண் பல்லி கார் ஏறிச் செத்துக் கிடந்தது. ஆண் பக்கத்திலேயே படுத்திருந்தது. மறுநாளும் அங்கேதான். நான்தான் குச்சியால் ஓரமாகத் தள்ளிவிட்டேன். சரி, அதை விடுங்கள்.

வேலியோரத்தாளுக்குப் பங்குனியில் நாள். குட்டிகள் பிறந்ததும் தானே இரை தேடும், பாலூட்டும் வேலையெல்லாம் இல்லை. உங்கள் மயிலைப் பசுவுக்கும் பங்குனிதானே? எது முந்துகிறது பார்ப்போம். கன்று போட்டதும் கிடாரியா காளையா என்று மாமாவை விட்டு மெசேஜ் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி