கொசு ஏன் சாகவில்லை என்று கேட்டிருந்தாய்

மதுரை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கவிதாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சாந்திக்கு ஏக சந்தோஷம், குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள் என்று கேட்கச் சொன்னாள். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது.

அப்புறம், நீ கேட்ட விஷயம். தெருவில் புகை மருந்து அடித்துவிட்டுப் போன அன்று இரவே கொசு கடிக்கிறது, மருந்தில் கலப்படமா என்று எழுதியிருந்தாய். திறந்தவெளியில் அடிக்கிற புகை சீக்கிரம் கலைந்துவிடும். உன் வீட்டு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கொசுவை அது தொடுவதே இல்லை. ஆனால் நல்ல மருந்து, கொசுவின் மேல் நன்றாகப் பட்டும் சாகாமல் இருப்பதும் உண்டு. அதை எங்கள் ஆய்வகத்தில் நான் கண்ணால் பார்க்கிறேன்.

சோதனை எளிமையானதுதான். வெளியிலிருந்து கொசுப் புழுக்களைக் கொண்டுவந்து வளர்த்து, கொசுவாகி மூன்று முதல் ஐந்து நாள் ஆன பெண் கொசுக்களை எடுப்போம். ரத்தம் குடித்திருக்கக் கூடாது. சிவப்புப் புள்ளி வைத்த குழாயின் உட்புறம் மருந்து தோய்த்த தாளைச் சுருட்டி வைத்து, இருபது இருபத்தைந்து கொசுக்களை உள்ளே விடுவோம். தாளில் இருக்கும் மருந்து கொஞ்சநஞ்சமல்ல. மருந்துக்கு எளிதில் சாகும் கொசுக்களில் கிட்டத்தட்ட அத்தனையையும் கொல்லும் அளவைப்போல இரு மடங்கு. ஒரு மணி நேரம். பிறகு பச்சைப் புள்ளிக் குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்துவிட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ணுவோம். நூற்றுக்கு 98-க்குக் குறையாமல் செத்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். 90-க்குக் கீழே போனால் எதிர்ப்பு வந்துவிட்டது. சில கொசுக்கள் பத்து நிமிடத்தில் மல்லாந்து கால் உதறும். பக்கத்திலேயே ஒன்று அந்தத் தாளின் மேல் நின்றுகொண்டு சாவகாசமாகக் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும். மல்லாந்ததில் சில மறுநாள் எழுந்து பறப்பதும் உண்டு. ஒரே குட்டையில் எடுத்த கொசுக்கள்தான், ஆனாலும் இத்தனை வித்தியாசம்!

கொசு மருந்துக்குப் பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தனிக் கொசு எதற்கும் பழகுவதில்லை சேகர். ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளில் பிடித்த 765 அனாபிலிஸ் (மலேரியா பரப்பும் வகை) கொசுக்களின் மரபணுத் தொகுதியைப் படித்து 2017-இல் வெளியிட்டார்கள். கொசுவுக்குக் கொசு வேறுபடும் இடங்கள் 5 கோடிக்கு மேல் இருந்தன. அத்தனை வேறுபாட்டில் ஏதோ ஒன்று மருந்தைத் தாங்க வைத்தால் போதும். விதைநெல்லுக்கு நீ நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்குவாயே, அப்படி நாமே மருந்தை அடித்து, தாங்கும் கொசுவைப் பொறுக்கி அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கிறோம். இப்போது கொசுவுக்கு அதிகம் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் தாக்குவது நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு புரதத்தை. அதில் 1014-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் மருந்தின் பிடி தளர்ந்துவிடும். பழைய பூச்சி மருந்தான டிடிடி தாக்குவதும் அதே புரதத்தைத்தான். டிடிடியில் பிழைத்த கொசுவின் வாரிசு பைரித்ராய்டையும் தாங்குவது இதனால்தான்.

நீ நெல் போடுகிறவன் என்பதால் இலங்கைக் கதையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். டிடிடி தெளித்து மலேரியாவை 1963-இல் வெறும் 17 பேருக்குக் கொண்டுவந்தார்கள். தெளிப்பதை நிறுத்தியதும் 1969-க்குள் அது 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டிடிடிக்கு எதிர்ப்பு தெரியவந்ததும் அந்தச் சமயத்தில்தான். பிறகு மாலத்தியான் என்ற பாஸ்பரஸ் வகை மருந்துக்கு மாறினார்கள். அதை வயலுக்கு அடிக்கக் கூடாது, மலேரியாவுக்கு மட்டும்தான் என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். 1986-இல் அங்கே இரண்டு அனாபிலிஸ் இனங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. மலேரியா பரப்பும் குலிசிஃபேசிஸ் ஆற்றுக் குட்டைகளில் வளர்வது. பாஸ்பரஸ் வகை மருந்துகளில் அது தாங்கியது பெரும்பாலும் மாலத்தியானை மட்டும்; அதை உடைக்கும் நொதி அதனிடம் இருந்தது. வயலில் வளரும் நைஜெரிமஸ் இனமோ பாஸ்பரஸ் வகையிலும் கார்பமேட் வகையிலும் பல மருந்துகளைத் தாங்கியது. காரணம் விவசாயிகள் நெல்லுக்கு அடித்த மருந்து. மலேரியா ஒழிப்புக்காரர்கள் அந்தக் கொசுவைக் குறிவைக்கவே இல்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இலைச்சுருட்டுப் புழு வந்தால் நீ என்ன செய்வாய், கடைக்காரர் கொடுப்பதைத்தான் அடிப்பாய். ஆனால் வயலுக்கு ஒரு துறை, கொசுவுக்கு ஒரு துறை என்று நாம் பிரித்து வைத்திருப்பது கொசுவுக்குத் தெரியாது. லாம்டா சைஹலோத்ரின் என்ற பைரித்ராய்டு உன் தெளிப்பானிலும் இருக்கிறது, சுகாதாரத் துறையினர் வீட்டுச் சுவரில் அடிப்பதிலும் இருக்கிறது. மூளைக்காய்ச்சல் பரப்பும் ஒரு க்யூலெக்ஸ் கொசு இனம் நெல் வயலில்தான் வளர்கிறது. இரு பக்கமும் உட்கார்ந்து பேசி, யார் எதை எப்போது அடிப்பது என்று முடிவெடுக்காமல் இருப்பதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை.

நம்பிக்கை தரும் விஷயமும் இருக்கிறது. எதிர்ப்பு மரபணு கொசுவுக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. பிரான்சில் மோன்பெலியே பக்கம் கடலோரத்தில் மட்டும் 1969 முதல் பாஸ்பரஸ் வகை மருந்தை அடித்தார்கள், உள்நாட்டுப் பக்கம் அடிக்கவில்லை. கடலோரத்திலிருந்து உள்ளே போகப் போக எதிர்ப்பு மரபணு குறைந்துகொண்டே வந்தது. மருந்து இல்லாத இடத்தில் அந்த மரபணு கொசுவுக்குச் சுமை. குளிர்காலத்தைத் தாண்டுவதில்கூட அது பின்தங்கியது. மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதில் பயன் இருப்பது இதனால்தான். இலங்கையிலும் பின்னாளில் அப்படிச் சுழற்சி முறைக்கு வந்தார்கள்; 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றும் பெற்றார்கள். என்றாலும் மோன்பெலியேயில் 1970களில் வந்த மரபணுவை, சுமை குறைந்த இன்னொரு மரபணு வந்து ஓரங்கட்டியது. காத்திருந்தால் கொசு தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று இருந்துவிட முடியாது.

சரி, குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். இரவில் கடிப்பது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீரில் வளரும் இன்னொரு க்யூலெக்ஸ் இனம். குழந்தைக்குப் பகலிலும் வலை போடுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். கொல்லையில் இருக்கும் சிமென்ட் தொட்டியை வாரம் ஒரு முறை காலி செய்து, உட்புறத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. தேய்த்துக் கழுவுவதை எந்த மரபணுவும் தாங்காது. மூடியில்லாத டிரம்மில் துணி கட்டி வைக்கலாம். கொசுவர்த்தியைக் குழந்தை படுக்கும் அறையில் ஏற்றவேண்டாம்.

எனக்கு ஓர் உதவி செய். குறுவைக்கும் சம்பாவுக்கும் நீயும் பக்கத்து வயல்காரர்களும் என்னென்ன மருந்து, எத்தனை முறை அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. காலி டப்பாவைப் பார்த்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தையும் எழுது. சம்பா நடவு முடிந்து தண்ணீர் நிற்கும்போது வந்து உன் வயலில் கொசுப் புழு எடுத்துக்கொள்கிறேன். குழந்தையையும் பார்த்த மாதிரி இருக்கும். மற்றவை நேரில்.

அன்புடன்,
ராஜேந்திரன்