பிள்ளைகளுக்குப் பொருந்தாத லைஃப் ஜாக்கெட்டும் பாதியில் நின்ற குடும்ப உலாவும் – புகார்

அனுப்புநர்:
ஒருநாள் குடும்ப உலாவில் முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
உச்சிப்புளி,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சுற்றுலா நிறுவனத் தலைமை அலுவலகம்,
மதுரை.

பொருள்: படகுச் சவாரியில் பிள்ளைகளின் பாதுகாப்பில் காட்டிய அலட்சியம், காட்டாத இடங்களுக்கு வாங்கிய கட்டணம் – விளக்கமும் பணமும் கேட்டு.

ஐயா,

வணக்கம். கடந்த மே மாதம் உங்கள் நிறுவனத்தின் 'ராமேஸ்வரம் ஒருநாள் குடும்ப உலா'வில் பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் மூன்று பேர் வந்தோம். பெரியவருக்கு 1,850 ரூபாய், பிள்ளைக்கு 1,200 ரூபாய் என்று மொத்தம் 12,850 ரூபாய் முன்பணமாகவே கட்டிவிட்டோம். ரசீதை இணைத்திருக்கிறேன். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் படகு.

என் அக்கா குடும்பம் கொடைக்கானலில் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஊரே மலைக்கு ஏறும்போது அவர்கள் மட்டும் கடலைப் பார்க்க இங்கே இறங்கி வருவார்கள். பிள்ளைகள் கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதித்துப் பழகியவர்கள். 1863-ல் மனிதர் அணை கட்டித் தேக்கிய தண்ணீர் அது. அலை என்று ஒன்று அங்கே கிடையாது. அந்தத் தைரியத்தில் இங்கேயும் எந்தப் படகைக் கண்டாலும் ஏறத் துடிப்பார்கள். ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நானே முன்னின்று, பொறுப்பான ஆட்களோடு போகட்டும் என்று உங்களிடம் பதிவு செய்தேன்.

பாம்பன் தென்கடல் கரையில் எங்களை ஏறச் சொன்னது சுற்றுலாப் படகு அல்ல. மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் வள்ளம். உட்காரப் பலகை கிடையாது. வலையை ஒரு மூலையில் ஒதுக்கி, அதன்மேல் தார்ப்பாயை விரித்து, "உக்காருங்க சார், காத்தோட்டமா இருக்கும்" என்றார் உங்கள் ஊழியர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதும், அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் மட்டும் தொழிலுக்குப் போகலாம் என்பதும் எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். தொழிலுக்குப் போகிற வள்ளத்தை வாடகைக்குப் பிடித்து, அதில் பிள்ளைகளை ஏற்றுவதைத்தான் விளம்பரத்தில் 'பாதுகாப்பான கடல் சவாரி' என்று போட்டிருக்கிறீர்கள்.

லைஃப் ஜாக்கெட் தந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எல்லாமே பெரியவர்கள் போடும் அளவு. அக்காவின் சின்ன மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு மாட்டிய ஜாக்கெட்டில் மூன்று பக்கிளில் நடுவில் இருந்தது உடைந்து, அந்த இடத்தில் நைலான் நரம்பைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள். இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் மேலே வந்து அவள் மூக்கு வரை மூடியது. பிள்ளை கீழே நழுவி நின்றாள். கரையில் நிற்கும்போதே இப்படி என்றால் தண்ணீரில் என்ன ஆகும்? ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதிலிருந்து கீழே உருவிக்கொண்டு போய்விடும். காலிடையில் மாட்டும் பட்டி இருந்தாலாவது கொஞ்சம் பிடிக்கும். அதுவும் இல்லை. இதை உங்கள் ஊழியரிடம் காட்டியபோது வந்த பதில்: "இருபது நிமிஷம்தானே சார், கையில பிடிச்சுக்கங்க."

2023 மே 7-ல் கேரளத்தில் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள். அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். சுற்றுலாத் தொழில் செய்யும் உங்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனை.

படகோட்டி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் முதலிலேயே, "தம்பி, இன்னைக்குக் கச்சான் ஓங்கி அடிக்குது, பிள்ளைகளை வச்சுக்கிட்டு வேண்டாம்" என்று உங்கள் ஊழியரிடம் சொன்னார். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. ஊழியர்தான் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "ஒரு ரவுண்டு மட்டும் போட்டுட்டு வந்துடுங்கண்ணே" என்று அவரை நெருக்கினார். நாங்கள் ஏறவில்லை. எங்களோடு வேனில் வந்த இன்னொரு குடும்பம் பணம் கட்டிவிட்டோமே என்று ஏறியது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. அரை நனைப்பாக நனைந்து திரும்பினார்கள். அவர்கள் பையன் கரையில் இறங்கியதும் வாந்தி எடுத்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு உங்கள் ஏற்பாடு காரணமில்லை.

இந்தப் புகாரை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, 'இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது' என்று ஒரு வரியில் பதில் போட்டீர்கள். என்ன சீற்றம்? அன்று புயலும் இல்லை, எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றவில்லை. வைகாசிப் பக்கம் வந்துவிட்டால் தென்கடலில் கச்சான் எழும்புவது வருஷா வருஷம் நடப்பது. மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும் அதே நாளில், சாலைக்கு இந்தப் பக்கம் பாக் விரிகுடாவில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கத் தொடங்கினால் இது தலைகீழாகும். அப்போது வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும். இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு நாக்கு நிலத்தில் வாழ்கிற எங்களுக்கு இது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும். மே மாதத்தில் பிள்ளைகளைப் படகில் ஏற்றுவதென்றால் வடக்குப் பக்கம் ஏற்ற வேண்டும். மதுரையில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அட்டவணை போட்டால் இப்படித்தான் முடியும்.

அந்தப் படகு போவதாகச் சொன்ன இடம் குருசடைத் தீவு. 'தீவில் இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம்' என்று உங்கள் நோட்டீஸில் இருக்கிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் இருக்கும் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. 1986-ல் இருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, "தூரத்துல இருந்தே காட்டுவாங்க சார்" என்றார்கள். அப்படியானால் நோட்டீஸில் இறங்கலாம் என்று எதற்குப் போட்டீர்கள்?

பாம்பன் பாலத்தில் 9.30 மணிக்குத் 'தூக்குப் பாலம் மேலே எழுவதைக் கண்டு மகிழலாம்' என்று இன்னொரு வரி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி செங்குத்தாக மேலே போகும், உண்மைதான். ஆனால் கப்பலோ பெரிய படகோ கடக்க வேண்டியிருந்தால்தான் தூக்குவார்கள். வேன் வந்துவிட்டது என்று தூக்கமாட்டார்கள். பிள்ளைகள் கழுத்து வலிக்க நின்று பார்த்துவிட்டு, "மாமா, எப்ப தூக்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உங்கள் வழிகாட்டியோ பழைய பாலத்தைக் காட்டி, அதுவும் மேலேதான் தூக்கும் என்றார். 1914-ல் திறந்த அந்தப் பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் எழும் வகையில் கட்டியது. இதைக்கூட அறியாதவரை வழிகாட்டி என்று அனுப்புகிறீர்கள். சரி, இதற்காக நான் பணம் கேட்கவில்லை.

பணம் கேட்பது காரங்காட்டுக்கு. அலையாத்திக் காட்டுக்குள் கயாக் துடுப்பு போட வேண்டும் என்பதுதான் அக்கா மகனின் ஒரே ஆசை. அதற்காகத்தான் இந்தத் திட்டத்தையே தேர்ந்தெடுத்தோம். காரங்காடு இருப்பது தொண்டிப் பக்கம். அரிச்சல்முனை இருப்பது தனுஷ்கோடியின் கடைசி நுனி. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மதியம் அங்கே, மாலை இங்கே என்று அட்டவணை போட்டவர் ஒருமுறையாவது இந்தச் சாலையில் வந்திருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும், "டைம் இல்ல சார், அதுக்குப் பதிலா அரியமான் பீச்" என்று வண்டியைத் திருப்பினார்கள். அரியமான் நல்ல கடற்கரைதான். சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத தண்ணீர், பிள்ளைகள் விளையாட அருமையான இடம். ஆனால் அது எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம். சாயங்காலம் பஜ்ஜி சாப்பிட நாங்கள் போகும் கரைக்கு ஆளுக்கு 1,850 ரூபாய் கட்டி வேனில் போனது எங்கள் தெருவில் இன்னும் சிரிப்பாகச் சிரிக்கிறது. அங்கே கயாக்குக்குப் பதிலாகக் காற்றடைத்த லாரி டியூப் கொடுத்து, பிள்ளைக்கு நூறு வீதம் 300 ரூபாய் தனியாக வாங்கியது வேறு.

மதியச் சாப்பாடு சுமார். மீன் குழம்பு என்று தந்ததில் மீனைத் தேட வேண்டியிருந்தது, அதையும் விட்டுவிடுவோம். ஆனால் தந்த பிளாஸ்டிக் பாட்டில்களையும் கப்புகளையும் உங்கள் ஆட்கள் கரையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பியதை அக்காவால் பொறுக்க முடியவில்லை. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை; கொண்டுபோனால் ஒன்றுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள். அவளும் மச்சானும்தான் குனிந்து குனிந்து பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் அவர்கள்.

அரிச்சல்முனையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆண் கடலும் பெண் கடலும், அதாவது தென்கடலும் வடகடலும், முட்டுகிற முனை அது. இரண்டு பக்க நீரோட்டமும் மணலை அரித்துக்கொண்டே இருப்பதால் நிற்கும்போதே காலடி நகரும். குளிக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நின்று, "முழங்கால் வரைக்கும் இறங்குங்க, போட்டோ சூப்பரா வரும்" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார் உங்கள் வழிகாட்டி. என் அம்மா போட்ட சத்தத்தில்தான் அவர் அடங்கினார்.

நான் கேட்பது இவை. பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் எத்தனை வைத்திருக்கிறீர்கள், எந்த அனுமதியின் பேரில் மீன்பிடி வள்ளத்தில் பயணிகளை ஏற்றினீர்கள், காற்று அதிகமாக இருந்தால் சவாரியை நிறுத்தும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். அது வரும் வரை தென்கடல் சவாரியை நிறுத்தி வையுங்கள். படகும் காரங்காடும் சேராத உங்கள் இன்னொரு திட்டத்துக்குப் பெரியவருக்கு 1,100, பிள்ளைக்கு 700 ரூபாய் என்று நீங்களே விலை போட்டிருக்கிறீர்கள். எங்களுக்குக் கிடைத்தது அதுதான். ஆகவே வித்தியாசத் தொகை 5,250 ரூபாயும், டியூபுக்கு வாங்கிய 300 ரூபாயும் சேர்த்து 5,550 ரூபாயைப் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். படகில் ஏறிய அந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கடிதத்தின் நகல் போகிறது.

பதில் இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் மதுரையில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போட 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

கடைசியாக ஒன்று. வேன் ஓட்டிய அண்ணன் நாள் முழுக்கப் பொறுமையாக ஓட்டினார், அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டார். படகோட்டி உண்மையைச் சொன்னார். இந்தப் புகாரைக் காட்டி இவர்கள் இருவரின் கூலியில் கை வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உச்சிப்புளி.

இணைப்பு: ரசீது நகல், உங்கள் நோட்டீஸ், உடைந்த பக்கிளின் படங்கள் இரண்டு, வாட்ஸ்அப் பதிலின் நகல்.