சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வீடு மாற்றிய கதை, பெரியவளின் பரீட்சை, உன் முதுகுவலி எல்லாம் படித்தேன். நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னால் போய்த் தொலையேன், இந்த வயதில் தண்ணீருக்கு என்ன பயம்? இதற்கெல்லாம் அன்றே பதில் எழுதியிருப்பேன். கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, "இன்னும் ராத்திரி ராத்திரி கச்சேரிக்கு அலையிறியா? எல்லாம்தான் போன்லயே கிடைக்குதே" என்று, அங்கேதான் பேனா நின்றுவிட்டது.

அலைகிறேன். மாதத்துக்கு மூன்று நாலு இரவு. ஆனால் முன்பு மாதிரி இல்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது.

நாம் எங்கே நிற்போம் என்று ஞாபகம் இருக்கிறதா? மேடைக்கு இடப்பக்கம், முதல் வரிசை, ஆளுயர ஸ்பீக்கரில் சாய்ந்துகொள்ளாத குறை. "பேஸ் கிட்டார் காதுல கேட்கக்கூடாது, விலா எலும்புல கேட்கணும்" என்பது நீ போட்ட சட்டம். நீ இங்கிருந்து போன பிறகும் விசுவாசமாக அதே இடத்தில்தான் நின்றேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீடு வந்து படுத்தால் இடது காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். அதற்கு முன்பும் எத்தனையோ முறை வந்ததுதான். காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் போய்விடும். இந்த முறை சனிக்கிழமை போகவில்லை, ஞாயிறும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்காதபோதும் இரண்டு தடவை அமுக்கினேன், பள்ளிக்கூடப் புத்தி. முடிந்ததும், எந்த ஸ்தாயி எனக்கு எவ்வளவு கேட்கிறது என்று டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு சமதரையில் நடந்து வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, மறுபடி மேலே ஏறியிருந்தது. "கச்சேரிக்குப் போவீங்களா, இல்ல மெஷின்கிட்ட வேலையா?" என்று கேட்டார். அதிகச் சத்தம் காதைத் தின்றால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதல் பள்ளம் விழுமாம். உள்காதில் மயிரிழை மாதிரி நுனிகொண்ட செல்கள் இருக்கின்றன, ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் சொச்சம். செத்தது செத்ததுதான், மனிதக் காதில் மறுபடி முளைக்காது. தலைமுடியாவது விக் வைத்துச் சமாளிக்கலாம்.

அவர் ஒரு கணக்குச் சொன்னார். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு. அப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். நாம் நின்ற இடம் 100க்குக் கீழே இருந்திருக்காது, நின்றது ஒவ்வொரு முறையும் இரண்டரை மணி நேரம், அதுவும் எத்தனை வருஷம்! நீயே பெருக்கிப் பார். நான் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

அதற்கப்புறம் ஆறு மாதம் எங்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டிங் கேட்டேன், நல்ல ஹெட்போனில், சின்ன சத்தத்தில். அந்த நாட்களில் நான் முழுக்க உன் கட்சிதான். கனடாக்காரப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் உனக்குத் தெரியும். 1964இல், 31 வயதில், மேடையை விட்டு இறங்கியவர் 1982இல் சாகும்வரை கச்சேரிப் பக்கமே திரும்பவில்லை. ரெக்கார்டிங் ஸ்டுடியோதான் இசைக்குச் சரியான இடம் என்றார். கைதட்டலையே தடை செய்ய வேண்டும் என்று கட்டுரை எழுதிய ஆள். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அந்த ஆறு மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரச்சினை என்னவென்றால், அமைதியான அறையில்தான் காதுக்குள் அந்த ஙொய் அதிகம் கேட்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் அந்த இரண்டு வினாடி இருக்கிறதே, அது எனக்கு வேண்டாததாகிவிட்டது.

கடைசியில் அந்த டாக்டரே வழி சொன்னார். காதுக்கு அளவெடுத்து ஒரு ஜோடி இயர்பிளக். சாதாரணப் பஞ்சு மாதிரியான இயர்பிளக் மேல் ஸ்தாயியை அதிகம் விழுங்கிவிடும், பக்கத்து வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும். இதில் உள்ளே ஒரு சின்ன ஃபில்டர், எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் 15 டெசிபல் இறக்குகிறது. அதை மாட்டிக்கொண்டு முதல் இரவு போனபோது வெட்கமாக இருந்தது. கூட்டத்தில் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் காதைப் பார்த்தாள், தன் காதைத் தொட்டுக் காட்டினாள், அவளும் மாட்டியிருந்தாள். இடைவேளையில் கேட்டேன், இந்த ஹாலில் எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும் என்று. "சார், நான் எங்க நிக்கிறேனோ அங்க எப்படிக் கேட்குதோ அதை வச்சுத்தான் நான் எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்றேன். அப்ப எங்க நல்லா இருக்கும்?" என்றாள்.

மாப்ளே, இருபது வருஷம் நாம் தப்பான இடத்தில் நின்றிருக்கிறோம்! அந்த ஸ்பீக்கரின் வாயடியில் நமக்குக் கேட்டது பாதிதான். அன்று வாசித்த நம் பழைய குழுவில் இரண்டாவது கிட்டார்க்காரர் ஒருவர் உண்டு, ஓரமாக நிற்பாரே, சும்மா நிற்கிறார் என்று நீ கிண்டல் செய்வாயே. அவர் சும்மா நிற்கவே இல்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் அவர்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், உன் சார்பிலும் சேர்த்து.

இந்த வருஷம் பார்த்ததில் ஸ்டேடியம் கச்சேரி ஒன்று. அதை எழுதாவிட்டால் கோபிப்பாய். டிக்கெட் கிடைத்தது மேல்தட்டுக் கடைசியில், மேடையிலிருந்து நூறு மீட்டருக்கும் மேல். சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் போகிறது என்று பள்ளியில் படித்ததை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பைனாகுலரில் டிரம்மரின் கை இறங்குகிறது, அடி கேட்பதற்குள் கை மறுபடி மேலே போகிறது. தூரத்தில் இருப்பவர்களுக்காக நடுவில் கோபுரம் மாதிரி ஸ்பீக்கர்கள் வைத்திருப்பார்கள். மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு வேண்டுமென்றே தாமதமாகத்தான் அனுப்புவார்கள். தாமதமாக வருவதையே வேலையாக வைத்திருப்பது நீ ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். கைதட்டலும் அப்படித்தான், முன்வரிசையில் கிளம்பி எங்களிடம் அலையாக வந்து சேர்ந்தது. தாளம் மட்டும் எந்த வரிசைக்கும் பொருந்தவில்லை.

இதையும் குறை சொல்ல முடியாது. 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் கூட்டம். விளையாட்டு அறிவிப்புக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியும் சேர்ந்துதான் பாட்டைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கூட்டம் போட்ட கூச்சலில் வாசித்தவர்களுக்கே தாங்கள் வாசித்தது சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டோடு அவர்கள் கச்சேரிப் பயணத்தையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மட்டும் முழுக் கச்சேரியையும் போனைத் தூக்கிப் பிடித்தே பார்த்தார். அதை ஒருநாளும் திரும்பப் போட்டுப் பார்க்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

ஆர்கெஸ்ட்ராவுக்கும் போகிறேன், நம்பு. முதல் தடவை மானம் போயிற்று. முதல் பகுதி பிரமாதமாக முடிந்தது, பலமாகக் கைதட்டினேன். இரண்டாயிரம் பேரில் நான் ஒருவன் மட்டும். எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். பக்கத்துப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் இருக்கையோடு உள்ளே போய்விட்டேன். அப்புறம் தேடிப் படித்ததில் ஆறுதல் கிடைத்தது. 1778இல் மொசார்ட் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு இடத்தில் கூட்டம் கைதட்டியதைப் பெருமையாக எழுதுகிறார். அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தேதான் போட்டாராம், கடைசியில் இன்னொரு தடவையும் கொண்டுவந்தாராம். பெரியவரை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போன மாதம் ஒரு புதன்கிழமை, கொட்டுகிற மழை. முந்நூறு பேர் கொள்கிற ஹாலில் ஜாஸ் குழு, நாலு பேர். கேட்க வந்தவர்கள் எண்ணி முப்பது. முதல் அடியிலேயே எதோ சரியில்லை. ஸ்னேர் டிரம் அடித்தால் அந்தச் சத்தம் காலி நாற்காலிகளின் மேல் ஓடிப் பின்சுவரில் முட்டி, திரும்பி வந்து அடுத்த அடியின் காலை வாரிவிட்டது. பியானோவின் விரைந்த வாசிப்பெல்லாம் கஞ்சியாகிவிட்டது. இரண்டு பாட்டு பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் பேஸ் வாசிப்பவர் மைக் இல்லாமலே, "எல்லாரும் முன்னால வாங்க, எங்களைச் சுத்தி உட்காருங்க" என்று கூப்பிட்டார். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு மேடை விளிம்புவரை போய் அரைவட்டமாக நெருக்கி உட்கார்ந்தோம். ஈரக் கோட்டு, ஈரக் குடை, முப்பது உடம்பு. டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிசாக ஒலிக்கும் கம்பி பிரஷ்ஷை எடுத்தார். அதன் பிறகு வந்த ஒரு மணி நேரத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. விரல் கம்பியை விட்டு விலகும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது.

மறுநாள் அதே யோசனையாக இருந்து, வாலஸ் சபைன் என்பவரைப் பற்றி மறுபடி எடுத்துப் படித்தேன். ஹார்வர்டில் இயற்பியல் ஆசிரியர். 1895இல் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு உரை அரங்கில் யார் பேசினாலும் யாருக்கும் புரியவில்லை, ஒரு சொல் ஐந்து வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி இவரிடம் கொடுத்தார்கள். மனுஷன் ராத்திரி ஊர் அடங்கின பிறகு, பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் குறித்திருக்கிறார். விடிவதற்குள் மெத்தையெல்லாம் திரும்பப் போக வேண்டும். பிறகு மனிதர்களை உட்காரவைத்தும் அளந்தார். ஒரு ஆள் எவ்வளவு சத்தத்தை உறிஞ்சுகிறான் என்று அவரிடம் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை வைத்து அவர் யோசனை சொன்ன பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900இல் திறந்தது. உலகத்தின் மிக நல்ல ஹால்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த மெத்தைக் கணக்குதான். ஹாலில் உட்கார்ந்திருக்கும் நான் சத்தத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் எழுந்து போனால் அது பின்சுவருக்குப் போகும், பக்கத்து ஆளுக்கு வேறு மாதிரி கேட்கும். போனில் நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த மழை இரவில் முப்பது பேரும் இடம் மாறி உட்கார்ந்ததால்தான் அந்த வாசிப்பு அப்படி ஆயிற்று. நீ வந்திருந்தால் முப்பத்தொன்று. உன் எடைக்கு ஒன்றரை ஆள் என்றே போடலாம்.

அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக வருகிறேன் என்று எழுதியிருந்தாய். இரண்டாவது சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். நம் பழைய குழுதான், அந்த இரண்டாவது கிட்டார்க்காரரும் இருக்கிறார். உனக்கும் ஒரு ஜோடி இயர்பிளக் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வரிசைக்கு இழுத்தால் நான் வரமாட்டேன், தனியாகப் போய் நின்றுகொள். ஹால் வாசலில் ஏழு மணிக்கு நிற்பேன். முதுகு ஒத்துழைக்காது என்றால் முன்பே சொல், நிற்கிற டிக்கெட்டை மாற்றி உட்கார இடம் பார்க்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பெரியவளின் பரீட்சை முடிவு வந்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி

பி.கு.: அந்த டிரம்மர் கூட்டத்தில் வீசின குச்சி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா? அதை முதலில் பிடித்தது நான். வரும்போது எடுத்துவா.