இறங்குவதற்கு முன் ஏறுவதைப் பார்

மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, குட்டி இன்னும் அதே குட்டிதான், மாஸ்டர் போன கிழமையும் உன்னை விசாரித்தார், கொத்து ரொட்டிக் கணக்கு அப்படியே இருக்கிறதாம். மற்ற ஊர்ப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது நீ அனுப்பிய வீடியோவைப் பற்றி.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் எடுத்த கையோடு செஸ்னா 180 சிறுவிமானம் ஒன்றில் பங்கு வாங்கியிருக்கிறாய், கோடையில் மகனையும் கூட்டிக்கொண்டு கனடாவின் யூகோனில் ஆற்றோரச் சரளைத் திட்டில் இறங்கிக் கூடாரம் அடிக்கப் போகிறாய். இரத்மலானை விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று விமானம் பார்த்த இரண்டு பெடியன்களில் ஒருவனுக்காவது இது கிடைத்ததே என்று அன்று முழுக்க ஒரே புளுகம் எனக்கு. வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அப்புறம் இரவு தனியே திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் பயம் பிடித்தது.

ஃபிளாப்பை, அதுதான் இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகட்டை, இறக்காமல் ஓடத் தொடங்குகிறாய். வேகம் கொஞ்சம் வந்ததும் அதை இறக்குகிற அந்த நீட்டு லீவரை ஹான்ட் பிரேக் இழுப்பதுபோலக் கடைசிப் பல் வரைக்கும் இழுக்கிறாய், விமானம் துள்ளி எழும்புகிறது, "பார்த்தாயா, 40 பாகை!" என்று கத்துகிறாய். ஓம், பார்த்தேன். துள்ளிய பிறகு நடந்ததையும் பார்த்தேன். ரன்வேக்குச் சற்று மேலே, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு இழுபட்டுப் போனது. பிறகு நீ மெல்ல மெல்ல ஃபிளாப்பைக் குறைத்து வேகம் எடுத்தாய். முன்னால் நீளமான தார் ரன்வே இருந்தது, சரி. சரளைத் திட்டின் முடிவில் ஸ்புரூஸ் மரங்கள் நின்றால் என்ன செய்வாய்?

ஃபிளாப்பை இறக்கினால் இறக்கையின் வளைவு கூடும், அதே வேகத்தில் கூடுதல் தூக்குவிசை கிடைக்கும், ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவதைக் கைவிடுகிற வேகம், குறையும், இதெல்லாம் நீ அறியாததல்ல. ஆனால் அந்தத் தூக்குவிசையின் பெரும்பங்கு முதல் 20 பாகைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் இழுக்க இழுக்கச் சேர்வது பெரும்பாலும் காற்றின் இழுவைதான். இறங்கும்போது அந்த இழுவை தேவை. மரத்துக்கு மேலால் சரிவாக இறங்கினாலும் வேகம் கூடாது, மூக்கு தாழ்ந்திருப்பதால் இறங்கும் இடமும் கண்ணுக்கு நேரே தெரியும். ஏறும்போது எஞ்சினின் பலத்தைத் தின்பதும் அதே இழுவைதான். குறுகிய ரன்வேயில் 180 போன்ற விமானங்களை 20 பாகையில் எழுப்புவது அதனால்தான். பழைய செஸ்னா 172-இல் ஃபிளாப் 40 பாகை வரை இறங்கும், ஆனால் டேக் ஓஃப்புக்கு 10 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. அந்த 10 பாகையாலும் ஏறத்தாழ 10 வீதத் தூரம்தான் குறையும். 1981-இல் வந்த 172P-இலிருந்து ஃபிளாப்பையே 30 பாகையோடு நிறுத்திவிட்டார்கள்.

துள்ளி எழும்பியதை ஏறுவது என்று நம்பிவிடாதே. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையான நீளம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்குள் இருக்கும்வரை இழுவை குறைவாக இருக்கும், அதனால் பறக்கவே போதாத வேகத்திலும் விமானம் மிதக்கும். அந்த உயரத்தைத் தாண்டியதும் அந்த உதவி இல்லாமல் போய்விடும். கீழேயே பிடித்து வைத்துக்கொண்டு வேகம் எடுத்துப் பிறகுதான் ஏற வேண்டும், அதற்கும் தூரம் வேண்டும். அலாஸ்காவின் வால்டீஸில் மே மாதக் குறுந்தூரப் போட்டிகளில் பத்திருபது அடி ஓட்டத்தில் எழும்புகிறார்களே என்று நீ சொல்வாய். அவர்கள் தேவையில்லாத சாமானையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தனியாக, எரிபொருளையும் குறைத்து, எதிர்காற்றில் எழும்புகிறவர்கள். நீயோ மகனோடும் கூடாரத்தோடும் மீன்பிடிச் சாமானோடும் போகிறாய்.

என்னுடைய பெரிய பயம் இதுகூட இல்லை. ஃபிளாப் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடும் இடத்திலிருந்து அதே ஃபிளாப்பால் உன்னை வெளியே எடுக்க முடியாமல் போகலாம். 172எஸ்-இன் கணக்கைப் பார். கடல் மட்டத்தில், சாதாரண வெப்பநிலையில், இறங்கி நிற்க 575 அடி ஓட்டம் போதும். எழும்பவோ 960 அடி வேண்டும். 50 அடித் தடையைத் தாண்டி எழும்ப 1,630 அடி. 600 அடித் திட்டில் கைதட்டு வாங்குகிற மாதிரி இறங்கிவிட்டு, ஏற வழியில்லாமல் நிற்கலாம். உன்னுடைய 180-க்குப் பலம் கூட, எண்கள் வேறு, ஆனாலும் அங்கே நீ கடல் மட்டத்தில் இருக்கப் போவதில்லை. 2,500 அடி உயரத்துத் திட்டில் ஒரு மதியம் 25 பாகை வெயில் என்று வை. காற்று மெலிவதால் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது ஏறத்தாழ 4,300 அடி உயரம்போல. பாரம் 10 வீதம் கூடினால் ஓட்டம் 20 வீதத்துக்கு மேல் கூடும். சரளை சில்லைப் பிடிப்பது வேறு.

இரத்மலானை இதையெல்லாம் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. 1,800 மீற்றர் ரன்வே, ஒரு பக்கம் காலி வீதியும் கடலும், கடலிலிருந்து வருகிற காற்று. அதில் ஃபிளாப் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று. கையேட்டில் இருந்ததை ஒப்பித்தோம், அவ்வளவுதான். இப்போது பீலியகொடப் பக்கம் களனி கங்கையில் கரவன் கடல்விமானம் எழும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கவனிப்பது ஃபிளாப்பைத்தான். அவர்களுக்கும் ஏற 20 பாகைதான், தண்ணீரை விட்டபின் ஃபிளாப்பை உடனே தூக்கவும் மாட்டார்கள்.

அடுத்தது கோ அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டுத் திரும்ப ஏறுவது. இதைச் சொல்லாமல் விட முடியாது. முழு ஃபிளாப்போடு இறங்கிக்கொண்டிருக்கிறாய், திட்டில் ஒரு மூஸ், அந்தப் பெரிய மான், நிற்கிறது. த்ரொட்டிலை முழுக்கத் தள்ளினால், இறங்குவதற்காக மூக்கின் நிலையைப் பிடிக்க நீ வைத்திருந்த ட்ரிம் மூக்கை மேலே தூக்கும், கட்டுப்பாட்டுப் பிடியைப் பலமாக முன்னால் தள்ள வேண்டும். 40 பாகையில் விமானம் ஏறுவது கஷ்டம். உடனே 20 பாகைக்குக் கொண்டுவா, அதற்கு மேல் வேகம் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. பதறி லீவரைக் கீழே விட்டு ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினாயானால் இறக்கையின் தூக்குவிசை திடீரென்று குறைந்து விமானம் அமிழும், அந்த உயரத்தில் அமிழ இடமில்லை. கையால் இழுக்கும் லீவரின் அருமை, நொடியில் வேலை செய்வது. ஆபத்தும் அதுதான். ஒரு பக்கம் மலை முட்டுகிற திட்டு என்றால் கோ அரவுண்டே கிடையாது, அதைத் தூரத்திலேயே முடிவு செய்துவிட்டுத்தான் தாழ வேண்டும்.

குறுகிய இடத்தில் இறங்குவது ஃபிளாப்பின் வித்தை என்று மகனுக்குச் சொல்லிக் கொடுக்காதே. பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய சிறுவிமானத்துக்கு ஃபிளாப்பே கிடையாது, அதில் எத்தனையோ பேர் ஆற்று மணலில் இறங்கியிருக்கிறார்கள். எல்லாம் வேகக் கட்டுப்பாடு. 10 வீதம் கூடுதல் வேகத்தோடு தொட்டால் பிரேக் கரைக்க வேண்டிய சக்தி 21 வீதம் கூடுகிறது. தொட்ட பிறகு ஃபிளாப்பைத் தூக்கினால் பாரம் சில்லுகளில் இறங்கி பிரேக் நன்றாகப் பிடிக்கும், அதைச் செய், ஆனால் கண்ணை முன்னாலிருந்து எடுக்காமல்.

அடம்பிடிப்பாய் என்று தெரியும், ஏழாம் வகுப்பிலிருந்தே தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீளமான ரன்வேயில் இரண்டு கூம்பு வைத்து, திட்டின் நீளத்தை அளந்து, கூடாரத்தின் எடையையும் மகனின் எடையையும் ஏற்றிக்கொண்டு, வெயில் நேரத்தில், 20 பாகையோடு எழும்பிப் பார். நிலத்தை விட்ட இடத்தை மட்டும் குறிக்காதே, 50 அடி உயரம் வந்த இடத்தையும் யாரையாவது நின்று குறிக்கச் சொல். அந்தத் தூரத்தோடு அதில் பாதியையும் கூட்டி, அது திட்டுக்குள் அடங்கினால் போ. அடங்காவிட்டால் மகனை முதலில் சாலையால் வரச் சொல், சாமானை இரண்டு தடவையாகக் கொண்டு போ. எழும்புகிற தூரம் முதலில், இறங்குகிற தூரம் பிறகு. நீ தனியாகப் போனாலும் இதைத்தான் சொல்வேன், பிள்ளையும் கூட வருகிறான் என்பதால் இரண்டு தரம் சொல்கிறேன்.

எண்களை எனக்கு அனுப்பு, இங்கே நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். குட்டியின் தங்கை ஆடி மாதம் வன்கூவருக்கு வருகிறாள், கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். அவளிடம் வாங்கிக்கொள், எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தை நண்பன்